உலை கொதிக்கிற நேரத்தில் படித்தவை

போன இதழில் "படிக்க நேரமே இல்லை, என்ன செய்வது?" என்று கேட்ட வாசகிக்கு, "பிள்ளை வளர்க்கிறவர்களும் படிக்கலாம், நானே படிக்கிறேன்" என்று இரண்டு வரியில் பதில் எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரி போதவில்லை என்று கடிதங்கள் வந்திருக்கின்றன. இந்த இதழின் பதில்கள் எல்லாம் அதைப் பற்றித்தான்.

அக்கா, எனக்கு 34 வயது. இரண்டு குழந்தைகள். மூத்தவன் வயிற்றில் இருந்தபோது முழுதாகப் படித்து முடித்ததுதான் என் கடைசிப் புத்தகம். "நானே படிக்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்களே, நிஜமாகவே ஒரு மாதத்தில் என்னதான் படிக்கிறீர்கள்? எப்போது படிக்கிறீர்கள்? ஒன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள்.
— வாசகி, பொள்ளாச்சி

சொல்கிறேன். ஜூன் மாதத்துக் கணக்கையே தருகிறேன், அது இன்னும் கையில் இருக்கிறது. எங்கள் வீட்டில் தினசரி காலண்டர் தாளைக் கிழிப்பது என் வேலை. கிழித்த தாளை எறியாமல், அதையே புத்தகத்தில் அடையாளத்துக்கு வைப்பேன். பின்பக்கம் அன்றைக்கு எங்கே, எதுவரை படித்தேன் என்று ஒரு வரி எழுதுவேன். ஜூனுக்கு முப்பது தாள். அதில் ஒன்பது தாளின் பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வீட்டு நிலவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் கணக்கு புரியாது. கும்பகோணத்தில் வீடு. பாபநாசத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன், பஸ்ஸில் போய் வருகிறேன். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு நான்கு. கணவர் வாரத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பார். அத்தை, அதாவது என் மாமியார், எங்களோடு இருக்கிறார்.

ஜூன் முதல் வாரம் உங்களுக்கே தெரியும். பள்ளிக்கூடம் திறக்கும் நேரம். நோட்டுக்கெல்லாம் பிரவுன் அட்டை போட வேண்டும், லேபிள் ஒட்ட வேண்டும், சீருடையில் மடிப்பு பிரித்துத் தைக்க வேண்டும். சின்னவன் எல்.கே.ஜி.யில் சேர்ந்தான். நான்கு நாள் வாசலில் என் புடவையைப் பிடித்துக்கொண்டு அழுதான். வெறுமையான ஒன்பது தாளில் ஐந்து அந்த வாரத்தில்தான் இருக்கின்றன.

மாதம் முழுக்க என்னோடு வந்த புத்தகம், பழைய தமிழ் ஏடுகளைத் தேடி அச்சில் கொண்டுவந்த உ.வே. சாமிநாதையர் தன் வாழ்க்கையை எழுதிய 'என் சரித்திரம்'. மே கடைசியில் எடுத்தேன். ஜூன் முடிவில் தொண்ணூறு அத்தியாயத்தைத் தாண்டியிருக்கிறேன். மொத்தம் 122 அத்தியாயம். கல்லூரியில் ஒருமுறை வேகமாகப் புரட்டியிருக்கிறேன், அது படித்ததாகாது. அவ்வளவு பெரிய புத்தகத்தை இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு எப்படி என்று கேட்பீர்கள். அதில் ஒரு விஷயம் இருக்கிறது. அது புத்தகமாக எழுதப்பட்டதே இல்லை. 1940-லிருந்து ஆனந்த விகடனில் வாரா வாரம் வந்த தொடர். 1942 ஏப்ரலில் ஐயர் மறையும் வரை எழுதினார், முடிக்கவில்லை. வாரத்துக்கு ஒன்று என்று எழுதியதால் ஒவ்வொரு அத்தியாயமும் சின்னது. அதற்குள் ஒரு ஊர், ஓர் ஆள், ஒரு சம்பவம் என்று நிறைவாக இருக்கும். கும்பகோணத்திலிருந்து பாபநாசம் போகும் நேரத்தில், உட்கார இடம் கிடைத்தால் ஒன்றிலிருந்து இரண்டு அத்தியாயம் முடியும். திரும்பி வரும்போது கூட்டம், நின்றுகொண்டுதான் வருவேன், அப்போது படிப்பதில்லை. இரவில் சின்னவன் தூங்கிய பிறகு இன்னொன்று. இப்படித்தான் ஏறியது.

எங்கள் அம்மாவும் இப்படித்தான் படித்தார் என்பது இந்த மாதம்தான் எனக்கு உறைத்தது. உலை வைத்துவிட்டு, அது கொதிக்கும்வரை வார இதழில் தொடர்கதை படிப்பார். அரிசியைப் போடும் நேரம் வந்தால் புத்தகத்தைக் கவிழ்த்து வைப்பார். தொடர் முடிந்ததும் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டிங் செய்யக் கொடுப்பார். கதைக்குப் பின்பக்கத்தில் பாதி துணுக்கும் பாதி விளம்பரமுமாக இருக்கும் அந்த பைண்டிங் புத்தகங்கள் எங்கள் வீட்டுப் பரணில் இருபது இருபத்தைந்து இருந்தன. அம்மாவின் நேரத்துக்குத் தகுந்தபடி எழுத்தும் துண்டு துண்டாகவே வந்தது. இன்றைக்கு நமக்கு இருக்கிற நேரமும் அந்தத் துண்டுதான். அதனால் உங்களுக்கு நான் முதலில் சொல்வது: தொடராக வந்த புத்தகங்களைத் தேடுங்கள். பத்து நிமிடம் கிடைத்தாலும் ஒன்றை முழுதாக முடித்த நிறைவு இருக்கும்.

சரி, என் சரித்திரத்துக்கு வருகிறேன். கல்லூரியில் இதைப் படித்தபோது நான் மாணவி. ஆகவே மாணவனாக இருந்த ஐயரைத்தான் பார்த்தேன், அவருடைய ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைத்தான் பார்த்தேன். இந்த முறை என் கண் முழுக்க அந்தப் பையனின் அப்பா மேலேயே இருந்தது. அப்பா வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். பெரிய வருமானம் கிடையாது. பையனுக்குத் தமிழில் பைத்தியம் என்று தெரிந்ததும், தமிழ் சொல்லிக்கொடுக்க ஆள் எங்கே இருக்கிறார் என்று தேடித் தேடிக் குடும்பத்தையே அங்கே கொண்டுபோகிறார். அரியலூரில் சடகோபையங்கார், கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் என்று போகிறது. இந்த ஊர்ப் பெயர்களை அன்றைக்கு நான் தாண்டிப் போயிருக்கிறேன். இப்போது ஒவ்வோர் ஊர் வரும்போதும், அந்த அம்மா சரசுவதி அம்மாள் மறுபடி பாத்திரங்களைக் கட்டி, புது ஊரில் அடுப்பு மூட்டியிருப்பாரே என்று நினைக்கிறேன். ஐயர் அதை விரித்து எழுதவில்லை. படிக்கிற நான் விரித்துக்கொள்கிறேன்.

இன்னோர் இடம். 1871-ல் மாயூரத்தில், இன்றைய மயிலாடுதுறையில், மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பையன் சேர்ந்துவிடுகிறான். வேங்கடராமன் என்ற பெயரைவிட வீட்டில் கூப்பிடும் சாமிநாதன் என்ற பெயர்தான் பிள்ளைக்குப் பிடிக்கிறது, அதுவே நிலைத்துவிடுகிறது. அதே ஊரில் கோபாலகிருஷ்ண பாரதியார் இருக்கிறார். அப்பாவின் விருப்பப்படி அவரிடம் சங்கீதமும் கற்றுக்கொள்ளப் போகிறான். பிள்ளைக்குச் சங்கீதத்தில் ஈடுபாடு இல்லை. அவருக்கு இது பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் பையன் சங்கீதத்தை நிறுத்திவிடுகிறான். அப்பாவின் ஆயுள் முழுக்கச் சங்கீதம்தான். அந்தச் செய்தி அவர் காதில் விழுந்த நேரத்தை நினைத்து, பஸ்ஸில் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மே மாதம்தான் என் மகள் பாட்டு வகுப்புக்கு இனிமேல் போகமாட்டேன் என்றாள். மூன்று வருடம் போனவள். நான் ஒரு வாரம் அவளோடு சரியாகப் பேசவில்லை. வேங்கடசுப்பையர் பையனைத் தமிழின் பக்கம் விட்டுவிட்டார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து மகளுக்குத் தலை பின்னிவிட்டபோது, பாட்டைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. அவளே ஏதோ பாடிக்கொண்டிருந்தாள்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், குழந்தை வளர்ப்புப் புத்தகம் ஒன்றும் ஜூனில் நான் படிக்கவில்லை. எனக்குப் பிடித்ததைத்தான் படித்தேன்.

காலையில் பால் பொங்குவதற்குள் படித்தது குறுந்தொகை. நான்கிலிருந்து எட்டடி வரைதான் ஒரு பாட்டு. இதையும் உ.வே.சா.தான் 1937-ல் உரையோடு பதிப்பித்தார், அப்போது அவருக்கு எண்பது வயதுக்கு மேல். பாட்டை ஒருமுறை சத்தமாகப் படிப்பேன், உரையை ஒருமுறை பார்ப்பேன், மறுபடி பாட்டு. அடுப்பில் கண் வைத்துக்கொண்டு அவ்வளவுதான் முடியும். மாதம் முழுக்கச் சேர்த்துப் பதினேழு பாட்டுதான் ஆனது. அதில் கூடலூர் கிழாரின் 167-ஆம் பாட்டை நான்கு நாள் விடாமல் படித்தேன். புதிதாகக் குடித்தனம் நடத்தும் பெண் கையால் கட்டித் தயிரைப் பிசைகிறாள். பிசைந்த விரலைக் கட்டியிருக்கும் ஆடையிலேயே துடைத்துக்கொள்கிறாள், அதை மாற்றவும் இல்லை. தாளித்த புகை கண்ணில் ஏறுகிறது. அவள் துழாவித் துழாவிச் சமைத்த புளிக்குழம்பை "நன்றாக இருக்கிறது" என்று கணவன் சாப்பிடுகிறான், அவள் முகத்தில் தெரிந்தும் தெரியாமலும் ஒரு மகிழ்ச்சி. இதை நான் இருபது வயதில் புருஷன் பெண்டாட்டிப் பாட்டு என்று மனப்பாடம் செய்தேன். இதைச் சொல்கிறவள் செவிலித்தாய், கேட்கிறவள் பெற்ற தாய். வளர்த்தவள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பெற்றவளிடம் சொல்கிறாள். நம் பெண்ணுக்குச் சமைக்க வந்துவிட்டது, அவள் நன்றாக இருக்கிறாள் என்று. அந்தத் துடைத்த விரலைக் கவனித்தது தாயின் கண். இருபது வயதில் எனக்கு அது தெரியவில்லை.

மூன்றாவது புத்தகம் அசோகமித்திரனின் 'தண்ணீர்'. ஜூன் 20-ஆம் தேதி சின்னவனுக்குக் காய்ச்சல். டாக்டரிடம் டோக்கன் எண் 41. அவன் மடியில் தூங்கிவிட்டான், எனக்கு இரண்டு மணி நேரம் கிடைத்தது. சின்ன நாவல்தான். பாதியை அங்கேயே முடித்தேன், மீதியை அன்று இரவு அவனுக்கு நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டே முடித்தேன். சென்னையில் ஒரு தெரு, தண்ணீர்ப் பஞ்சம், ஜமுனா, சாயா என்று இரண்டு சகோதரிகள், அவர்களுக்குத் தெம்பு சொல்லும் டீச்சரம்மா. 2019 கோடையில் சென்னையில் தங்கை வீட்டில் இருந்தபோது லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றிருக்கிறேன். அந்த நாவல் எழுபதுகளில் எழுதியது. குடத்தின் கனம் மட்டும் அப்படியே இருக்கிறது. காய்ச்சல் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு புத்தகம் படிப்பது தப்போ என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா என்னைப் பார்த்த பார்வையில் ஒரு நிமிடம் தோன்றியது. அவன் உள்ளங்கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. நான் எங்கேயும் போய்விடவில்லை.

இவ்வளவுதான் ஜூன். ஒரு பெரிய புத்தகத்தில் முக்கால் பங்கு, ஒரு சின்ன நாவல், பதினேழு பாட்டு, அப்புறம் கீழே சொல்லப்போகிற ஒரு சிறுகதை. உங்கள் மூத்தவனுக்கு என்ன வயது என்று எழுதவில்லை. எந்த வயதானாலும் சரி, இன்றைக்குக் காலண்டர் தாளைக் கிழித்ததும் எறியாதீர்கள்.

மகளுக்குத் தினமும் இரவில் கதைப் புத்தகம் படித்துக்காட்டுகிறேன். ஒரே யானைக் கதையை நாற்பது தடவையாவது படித்திருப்பேன். இதையும் என் வாசிப்பு என்று கணக்கில் வைத்துக்கொள்ளலாமா?
— ஒரு தகப்பன், நாகர்கோவில்

ஐயா, அது அவளுடைய கணக்கில் சேரும். நாற்பது தடவை படிக்க அப்பா கிடைத்தது அவளுடைய அதிர்ஷ்டம், அதை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். ஆனால் உங்களுக்கென்று ஒன்று வேண்டும். அதை இதோடு சேர்த்துவிட்டால் உங்கள் பங்கு காணாமல் போய்விடும்.

"நாம் படித்தால்தான் பிள்ளை படிக்கும்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையாகவும் இருக்கலாம். என் மகள் படிக்கிறாள், மகன் புத்தகத்தின் மேல் ஏறி நின்று சுவிட்சைப் போடுகிறான். இரண்டு பேரும் பார்த்தது ஒரே அம்மாவைத்தான். பிள்ளை பார்க்கிறதே என்பதற்காகக் கையில் புத்தகத்தை எடுத்தால், பிள்ளை பார்க்காத நேரத்தில் அது கீழே போய்விடும். நான் முன்பு அப்படி ஒரு வருடம் செய்திருக்கிறேன். அந்த வருடம் படித்த ஒரு வரிகூட இன்று நினைவில் இல்லை.

ஜூனில் நான் படித்த சிறுகதை ஒன்று உங்களுக்குப் பிடிக்கும். கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு'. இந்தப் பெயரில் வந்த தொகுப்புக்குத்தான் 1970-ல், அவர் மறைந்த பிறகு, சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. புத்தகங்களோடு வாழ்கிற ஒருவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்து வீட்டுக் குழந்தைகள் எல்லாம் அவர் அறைக்குள் புகுந்து, புத்தகம் எங்கே என்று கலைத்துப் போடுகிறார்கள். அவர் ஒருமுறை இரண்டு குழந்தைகளுக்கு டைரி கொண்டுவந்து தருகிறார். சாரங்கன் என்ற பையனுக்குக் கிடைக்கவில்லை. ஒரு நாள் அவரைத் தன் வீட்டுக்கு வரச் சொல்கிறான். உப்புமா, காபி எல்லாம் கொடுக்கிறான். அப்புறம் ஒரு டைரியை எடுத்து நீட்டி, மற்றவர்களுக்கு எழுதிக் கொடுத்தது போலவே தன் பெயருக்கும் அன்பளிப்பு என்று எழுதச் சொல்கிறான். அவர் எழுதுகிறார். கதை முடிந்துவிடுகிறது.

இரவு பதினொரு மணிக்கு இதை முடித்துவிட்டு எழுந்து போய், மகளின் புத்தக அலமாரியைத் திறந்து பார்த்தேன். தம்பிக்கு வாங்கிய படப் புத்தகங்களில் எல்லாம் நான் அவன் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவளுக்கு ஆரம்பத்தில் வாங்கியதில் எழுதியிருக்கிறேன், கடைசி இரண்டு வருடமாக ஒன்றிலும் எழுதவில்லை. பெரியவளாகிவிட்டாள் என்று விட்டிருக்கிறேன். அன்று இரவே உட்கார்ந்து பதினோரு புத்தகத்தில் எழுதினேன்.

நீங்கள் இந்தக் கதையை மகளுக்காகப் படிக்காதீர்கள். அவள் தூங்கிய பிறகு, உங்களுக்காகப் படியுங்கள்.

புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தாலே "வேலையெல்லாம் முடிந்ததா?" என்று கேட்கிறார் மாமியார். டி.வி. பார்த்தால் ஒன்றும் சொல்வதில்லை. படித்தால்தான் கோபம். என்ன செய்ய?
— வாசகி, அருப்புக்கோட்டை

டி.வி.யில் நீங்கள் அவரோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். புத்தகத்தை எடுத்தால் அவரை விட்டுவிட்டு எங்கேயோ போய்விடுகிறீர்கள். கோபம் அதற்காகவும் இருக்கலாம். எங்கள் வீட்டில் அப்படித்தான் இருந்தது.

எங்கள் அத்தை ஆறாம் வகுப்போடு நின்றவர். நான் படிக்கும்போது விளக்கை அணைத்துவிட்டுப் போயிருக்கிறார். எனக்கும் பேச்சு தடித்திருக்கிறது. கொரோனா ஊரடங்கில் ஒரு நாள் அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், நான் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்'. மங்கத்தாயார் அம்மாள் பழைய கதை சொல்லும் இடம் வந்ததும் கீரை அப்படியே இருந்தது, கை நின்றுவிட்டது. "எங்க அப்பாயியும் இப்படித்தான் சொல்லும்" என்றார். அதற்கப்புறம் அவர் ஊரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார், நான் கேட்டேன். புத்தகத்தில் ஐந்து பக்கம்கூட நகரவில்லை.

இன்றைக்கும் வேலை கிடக்கும்போது நான் படித்தால் அத்தைக்குப் பிடிக்காது. ஆனால் இரவு எட்டரையிலிருந்து ஒன்பதுவரை என் நேரம் என்று அவருக்குத் தெரியும். சின்னவனை அந்த அரைமணி நேரம் அவர் பார்த்துக்கொள்கிறார். நான் ஒருமுறை நேராகக் கேட்டேன்: "அத்தே, எனக்கு அரைமணி நேரம் வேண்டும், உங்களால் முடியுமா?" நான்கு வருடமாக முணுமுணுத்தவள், அப்படிக் கேட்டது அன்றைக்குத்தான். நீங்களும் கேட்டுப் பாருங்கள். கணவரிடம் சொல்லி அவர் மூலமாகக் கேட்காதீர்கள். நீங்களே கேளுங்கள். அவர் முடியாது என்றாலும், உங்களுக்கு அது வேண்டும் என்று அந்த வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கும்.

புத்தகம் வாங்க மாதம் ஒரு ரூபாய்கூட ஒதுக்க முடியாத நிலை. ஸ்கூல் ஃபீஸே பெரும்பாடு. எங்களைப் போன்றவர்கள் என்ன செய்வது?
— வாசகர், ஆம்பூர்

நீங்கள் ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் ஐயா. தமிழ்நாட்டில் வீட்டுவரியோடு ரூபாய்க்கு பத்துக் காசு நூலக வரியாகப் போகிறது. வாடகை வீடாக இருந்தாலும் அந்த வரி வாடகைக்குள்தான் இருக்கிறது. 1948-ல் இதற்கென்று சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் பொது நூலகத்துக்காக வந்த முதல் சட்டம் நம்முடையதுதான். அதற்காக ஓயாமல் பாடுபட்டவர் நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன், எங்கள் பக்கத்துச் சீர்காழிக்காரர். நூலகங்களுக்கென்று அவர் 1931-ல் எழுதிய ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. பெற்றவர்களை நினைத்தே எழுதியது போல எனக்குத் தோன்றும்.

ஜூனில் நான் படித்ததில் விலை கொடுத்து வாங்கியது 'தண்ணீர்' மட்டும்தான், அதுவும் சில வருடங்களுக்கு முன்பு. மற்றதெல்லாம் கிளை நூலகத்திலிருந்து எடுத்தது. உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் உறுப்பினர் ஆகுங்கள், செலவு மிகக் குறைவு. நீங்கள் கேட்கிற புத்தகம் அங்கே இல்லாவிட்டால் நூலகரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். நான் குறுந்தொகைக்கு அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன், மூன்று மாதம் கழித்து நூலகரே அழைத்துச் சொன்னார்.

செல்போனில் படிப்பது சரியா? பிள்ளைகளைப் போனை வைக்கச் சொல்லிவிட்டு நாம் போனைப் பார்த்தால், அவர்கள் கேட்கிறார்களே?
— வாசகி, தாம்பரம்

படிக்கலாம். மதுரைத் திட்டம் என்று 1998-லிருந்து தன்னார்வலர்கள் பழைய தமிழ் நூல்களைத் தட்டெழுதி இணையத்தில் இலவசமாக வைத்து வருகிறார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் நாட்டுடைமை ஆக்கிய நூல்கள் குவிந்து கிடக்கின்றன. உ.வே.சா. மறைந்து 60 ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டதால் அவர் எழுத்துக்கு இப்போது காப்புரிமையும் இல்லை. பஸ்ஸில் புத்தகத்தை மறந்துவிட்டுப் போன நாளில் நான் போனில்தான் அத்தியாயத்தைத் தொடர்ந்தேன்.

வீட்டில் மட்டும் போனில் படிப்பதில்லை. அது பிள்ளைக்கு நியாயமாகத் தெரியாது. நான் படிக்கிறேனா, வேறு எதையோ தள்ளிக்கொண்டிருக்கிறேனா என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

பாதியில் விட்ட புத்தகங்கள் அலமாரியில் இருந்து என்னைப் பார்க்கின்றன. குற்ற உணர்ச்சியாக இருக்கிறது.
— வாசகர், தேனி

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யை நான் இரண்டு முறை பாதியில் விட்டிருக்கிறேன். ஜூனில் மூன்றாவது முறையும் எடுத்து, முப்பது பக்கத்தில் வைத்துவிட்டேன். அது எவ்வளவு பெரிய நாவல் என்று எனக்குத் தெரியும். இரண்டாம் உலகப் போர், மேடான், பினாங்கு, பாண்டியன் என்று கடலும் கரையுமாக விரிகிறது. பேச்சு எங்கே முடிந்து நினைவு எங்கே தொடங்குகிறது என்று பிடிபட, ஒரே மூச்சாக மூன்று நான்கு மணி நேரம் வேண்டும். பத்து நிமிடம் பத்து நிமிடமாக அதற்குள் போனால், ஒவ்வொரு முறையும் கரையிலேயே நின்றுவிடுகிறேன்.

என் இப்போதைய நேரம் அந்தப் புத்தகத்துக்குப் போதாது, அவ்வளவுதான் விஷயம். பிள்ளைகள் பரீட்சை லீவுக்குப் பாட்டி வீட்டுக்குப் போகும்போது எடுப்பதற்காக அதைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். உங்களுடையதையும் அப்படிப் பிரித்துப் பாருங்கள். சில புத்தகங்கள் உண்மையிலேயே பிடிக்காமல் விட்டவையாக இருக்கும், அவற்றை நூலகத்துக்குக் கொடுத்துவிடலாம். மற்றவற்றுக்கு நாள் வரும்.

ஜூலையில் என்ன படிக்கப்போகிறீர்கள்?
— வாசகி, மன்னார்குடி

'என் சரித்திரம்' இன்னும் முப்பது அத்தியாயம் போல இருக்கிறது. நான் இப்போது நிற்கும் இடம் எங்கள் ஊரில் நடந்தது. 1880-ல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்கிறார் ஐயர். அதே வருடம் அக்டோபரில், ஊருக்கு முன்சீபாக, அதாவது நீதிபதியாக, வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். ஐயர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று அடுக்குகிறார். முதலியாருக்கு அது ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை. சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை, சிலப்பதிகாரம் என்று கேட்கிறார். ஐயர் எதையும் பார்த்ததே இல்லை. அந்தக் கேள்வி பிடித்துக்கொண்டு, ஏழு வருடம் ஏடு ஏடாகத் தேடி, 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவருகிறார். கல்லூரி வேலையை விடாமல்தான் அவ்வளவும். ஏடு கிடைத்தது, பாடம் ஒத்துப் பார்த்தது, சமண சமயம் தெரிந்தவர்களைத் தேடிப் போய்க் கேட்டது எல்லாம் இனிமேல்தான் வரப்போகிறது.

காவிரிக் கரையில் இருக்கும் அந்தக் கல்லூரி வழியாகத்தான் ஞாயிற்றுக்கிழமை சின்னவனைச் சைக்கிளில் வைத்துக் கூட்டிப்போகிறேன். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. நூலகத்தில் ஜூலை 9-ஆம் தேதி புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், இன்னொரு தடவை நீட்டித்து வாங்கிக்கொள்வேன்.